ஆட்டத்துக்கு முன் ஒரு கப்

மார்ச் 3, செவ்வாய்

கிளட்சை மெதுவாக விடச் சொன்னால் ஸ்டியரிங்கையே விட்டுவிட்டார் புது மாணவர். பரவாயில்லை, என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்கு நெஞ்சில் துணிச்சல் வேண்டும். எனக்கு அது நிறையவே உண்டு.

மாலை ஷட்டில் கிளப்பில் இரட்டையர் போட்டிக்கான பெயர்களை ஒட்டியிருந்தார்கள். பத்து வருஷமாக அக்கா பெயருக்குப் பக்கத்தில் என் பெயர்தான் இருக்கும். இந்த முறை யாரோ ஒரு கல்லூரிப் பெண். "உனக்கு வேகம் போயிடுச்சுடி" என்று போன மாதம் சொன்னாள், செய்தும் காட்டிவிட்டாள். அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசுவதும் இல்லை.

எனக்கா வேகம் போய்விட்டது? பார்த்துவிடலாம். எனக்கும் ஜோடி கிடைத்தாயிற்று. என்னிடம் கார் பழகிய பல் டாக்டரம்மா.

மார்ச் 6, வெள்ளி

வேகத்துக்கு மருந்து காபிதான். இரண்டு மாதம் முன்பு ஆபீஸில் காபி மெஷின் வைத்ததிலிருந்து, ஒரு மாணவர் முடிந்தால் எனக்கு ஒரு கப் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது ஆட்டத்துக்கு முன் இன்னும் இரண்டு சேர்த்துக்கொண்டேன். கால் பறக்கிறது! என் ஸ்மாஷுக்கு எதிரில் நின்றவர் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

மார்ச் 10, செவ்வாய்

சர்வீஸ் எல்லாம் நெட்டில். இரட்டையர் ஆட்டத்தில் ஷட்டில் நெட்டை ஒட்டித் தாழ்வாகப் போக வேண்டும். கொஞ்சம் உயர்ந்தால் அடித்து நொறுக்கிவிடுவார்கள். என்னுடையது ஒன்று நெட்டில் முட்டுகிறது, இல்லாவிட்டால் வானத்துக்குப் போகிறது.

"மாஸ்டர், உங்க கை நடுங்குது" என்றார் டாக்டரம்மா.

குளிர் என்றேன். வியர்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் கையை நீட்டிப் பார்த்தேன். ஆமாம். அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? கடைசியில சோறு ஊட்டிவிட்டது நான்தானே — ஐயோ, எனக்குமா? இப்பவேவா? யார்கிட்ட சொல்றது? அக்காகிட்டயா? அவதான் மூஞ்சியைத் திருப்பிக்கறாளே.

மார்ச் 11, புதன்

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மாவைப் பற்றியும்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை காபி?" என்றார். விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதவில்லை.

"பல்லுல துளை போடற நாள்ல நான் காலையில ஒரு கப்போட நிறுத்திடுவேன் மாஸ்டர். முதல்ல குறைச்சுப் பாருங்க. ஒரேயடியா நிறுத்தாதீங்க, தலை வெடிக்கும். அப்பவும் நடுங்கினா நரம்பு டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஆட்டத்துக்கு முன்னாடி?"

"ஒரு மணி நேரம் முன்னாடி, ஒரே ஒரு கப். அது நல்லதுதான். அதுக்கு மேல ஊத்தினா கால் சொன்ன பேச்சு கேக்கும், கை கேக்காது."

மார்ச் 14, சனி

தலைவலி. பாவம், மாணவர்மேல் எரிந்து விழுந்தேன். காலையில் ஒரு கப்புக்குப் பிறகு மெஷின் இருக்கும் பக்கமே போகவில்லை.

மார்ச் 20, வெள்ளி

நடுக்கம் நின்றுவிட்டது! காலை, மாலை, விளக்கடி, வெயில், எங்கே நீட்டினாலும் கை அசையாமல் நிற்கிறது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு கிளப்புக்குப் போய் சர்வீஸ் போட்டேன். ஒவ்வொன்றும் நெட்டை உரசாத குறையாகப் போனது. அக்கா, நீ தொலைந்தாய்.

மார்ச் 29, ஞாயிறு

இறுதி ஆட்டம். எதிரில் அக்கா.

ஒரு மணி நேரம் முன்பு ஒரு கப், அவ்வளவுதான். ஆளுக்கொரு செட். மூன்றாவதில் எங்களுக்கு ஒரு புள்ளி போதும், சர்வீஸ் என்னுடையது. அக்கா மட்டையை உயர்த்திக்கொண்டு நெட்டுக்கு அருகே வந்து நின்றாள். என் கையையே பார்த்தாள். ஷட்டில் உயரும் என்று காத்திருந்தாள், உயரவில்லை. அவள் குனிந்து எடுத்தது நெட்டில் போய் விழுந்தது.

ஜெயித்துவிட்டோம்! டாக்டரம்மா என்னைத் தூக்கிச் சுற்றினார். கை குலுக்க வந்த அக்கா என் கையை விடவே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. தோற்ற வருத்தம் என்று நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

மார்ச் 30, திங்கள்

அக்கா வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"வேகம் போயிடுச்சுன்னு பொய்தாண்டி சொன்னேன். சர்வீஸ் போடறப்ப உன் கை நடுங்குச்சு. பக்கத்துல நின்னு என்னால பார்க்க முடியல. அம்மாவைப் பார்த்த மாதிரியே இருந்துச்சு. அதை எப்படிடி உன்கிட்ட சொல்லுவேன்?"

அந்தப் பொய்யை நம்பித்தான் இன்னும் ரெண்டு கப் கூட்டினேன்!

"அது காபிதான் அக்கா. வெறும் காபி" என்றேன்.

"அடிப்பாவி" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அடுத்த வருஷம் என்கூடவே ஆடுடி."

"டாக்டரம்மாவை விட மாட்டேன். நீ எதிர்லயே நில்லு. என் கையைப் பார்க்க அதுதான் வசதி."

நம்பிக்கை வரவில்லை போலும். ஒரு காபி போட்டு, கப் நிறைய ஊற்றி, தட்டில்லாமல் கையிலேயே கொண்டுவரச் சொன்னாள். சமையலறையிலிருந்து நடந்து வந்து கொடுத்தேன், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அவள்தான் அழுகையும் சிரிப்புமாகப் பாதியைத் தன்மேல் கொட்டிக்கொண்டாள்.