பூஞ்சை ஷீட்டுக்கு ஒரு பெட்டி

ஆக. 26, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. காஜா பெராங் ரோட்டில் சுதந்திர நாளுக்குக் கொடி கட்டிய மூங்கில் வளைவு சரிந்து கிடந்தது. சேலைக் கரையெல்லாம் சேறு.

ரப்பர் ஸ்டோரில் பெண்களை வேலை வாங்கும் மண்டோராகி எனக்கு இது இரண்டாவது வாரம். பொம்பளை மண்டோர் என்று லோரிக்காரன்கள் இன்னும் எட்டிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

பழைய மண்டோர் பூஞ்சை பிடித்த ரப்பர் ஷீட்டை யார் கையில் கண்டாலும், அதை அவள் தலையில் வைத்து வாசல் வெயிலில் நிற்க வைப்பார். அதற்குப் பயந்தே பெண்கள் பூஞ்சை ஷீட்டை, அடுக்கிக் கட்டும் பேலின் நடுவில் செருகிவிடுவார்கள். வெளியே தெரியாது. வாங்கினவன் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவான். வெள்ளிக்கிழமை போகும் சரக்கில் ஒரு பேல் திரும்பினாலும் பழைய மண்டோரையே திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுவிடுவாராம் முதலாளி தவுக்கே. ரப்பரைப் பார்த்து வாங்குவது அவர். ஏச்சு மட்டும் எங்களுக்கு.

வாசலோரம் ஒரு காலித் தேயிலைப் பெட்டி வைத்தேன். பூஞ்சை ஷீட்டு கண்டால் இதில் போடுங்கள், யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது, நானும் கேட்க மாட்டேன் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சாயங்காலம் பெட்டி காலி.

வாங்க வேண்டியது: உப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய்.

27, செவ்வாய்

நல்ல வெயில். பெட்டி காலி. குழாயடியில், பேல் கட்டும் குப்பம்மா யாரிடமோ, "எலிப்பொறி வச்சிருக்கா. கிட்ட போயிடாத."

கத்திவிடலாம் என்று வாய் வரை வந்துவிட்டது. எனக்கா கத்தத் தெரியாது? எங்கள் வீட்டுக் கோழிகளைக் கேட்டால் சொல்லும். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

28, புதன்

இடுப்பு வலி. பெட்டி காலி.

30, வெள்ளி

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

லோரியில் பாதிச் சரக்கு ஏறிவிட்டது. தவுக்கே பக்கத்திலேயே நிற்கிறார். கம்போங் செட்டியிலிருந்து வேலைக்கு வரும் மீனாட்சி என்னிடம் வந்தாள். பேர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். "அக்கா, சாலா சாயா" என்றாள். தப்பு அவளுடையதாம். நேற்றுக் கட்டிய பேலின் நடுவில் பூஞ்சை ஷீட்டு வைத்துவிட்டாளாம். உதடு வெளுத்துப்போய்விட்டது, ஆனாலும் நகரவில்லை.

இறக்கச் சொன்னேன். தவுக்கே முகம் சிவந்து, யார் கட்டியது என்றார். மண்டோர் நான், இங்கே கட்டுவதெல்லாம் நான் கட்டியதுதான் என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. மீனாட்சியிடம், சொன்னாயே, அதுவே பெரிசு, வா பிரிப்போம் என்றேன்.

பிறகு குப்பம்மா மெதுவாக, "அக்கா, என் பேல்லயும் இருக்கு." அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

நாலு பேலையும் பிரித்தோம். ஒருத்திகூடச் சாப்பிடப் போகவில்லை. நான் போகச் சொல்லியும் போகவில்லை. திரும்ப அடுக்கி, அழுத்தி, கட்டி, லோரி கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தவுக்கே கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

வேலை போனாலும் போகட்டும். என் பெண்கள்! இவ்வளவு பெருமை என் கல்யாணத்தன்றுகூட இல்லை. (வீட்டுக்காரர் கண்ணில் இது படக் கூடாது.)

31, சனி. மெர்டேக்கா

லீவு. ஊரே தெருவில். பாயசம் அடிப்பிடித்துவிட்டது. துரைமார் போயாச்சு, இனிமே யாருக்குப் பயப்படணும் என்று கேட்டார் வீட்டுக்காரர். எனக்கு என்றேன்.

சிரித்தேனே தவிர, திங்கட்கிழமை பழைய மண்டோர் வந்து நின்றுவிடுவாரோ என்றே நினைப்பு.

செப். 2, திங்கள்

தூறல். வாசலில் பழைய மண்டோர் இல்லை. அப்பாடா.

வெயில் ஏறுவதற்குள் பெட்டி பாதி நிறைந்துவிட்டது. மீனாட்சி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அடுக்குகிறாள்.

பிறகு தவுக்கே வந்தார். கையில் இரண்டு மூன்று ஷீட்டு. போன வாரம் அவரே பார்த்து வாங்கிய சரக்கில் இருந்தவை. ஈரம் காயாமல் வாங்கியிருக்கிறார், எல்லாம் பூஞ்சை. யார் முகத்தையும் பார்க்காமல் பெட்டியில் போட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

குப்பம்மா வாயைத் திறந்தாள். கண்ணாலேயே அடக்கினேன்.

யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது.