சங்கத்துக்கு ஒரு ஸ்டவ்

மாதுங்கா, பம்பாய்,
ஆகஸ்டு 1946

அம்மாவுக்கு அநேக நமஸ்காரம். நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா? அப்பாவை மழையில் அலைய வேண்டாம் என்று சொல்.

எங்கள் ஹாஸ்டல் தமிழ்ச் சங்கத்துக்குக் காலேஜில் கிராண்ட் பணம் கிடைத்துவிட்டது. மற்ற சங்கங்கள் நாடகத்துக்கும் விழாவுக்கும் கேட்டன. நான் மண்ணெண்ணெய் ஸ்டவ் கேட்டேன். கமிட்டியில் இருந்த தமிழ்க்கார ப்ரொபசர் சிரித்தார்.

"சங்கத்துக்கு ஸ்டவ் எதுக்குடா? கவிதை காய்ச்சப் போறேளா?"

"ஜுரத்தில கிடக்கிறவனுக்கும் மெஸ்ஸில சப்பாத்திதான் போடறா, சார். கஞ்சி வைக்கணும்" என்றேன்.

உடனே கையெழுத்துப் போட்டார்.

என் ரூமில் இருந்த பஞ்சாபகேசன் போன மாதம் டைபாய்டில் போய்விட்டான். நீ பயப்படுவாய் என்றுதான் எழுதவில்லை. எனக்கு ஒன்றுமில்லை.

அவனுக்கு ஒரு நாள் இரவல் ஸ்டவ்வில் ரேஷன் அரிசிக் கஞ்சி வைத்தேன். பசையாகிவிட்டது. "வாஞ்சி, எங்காத்துக் கஞ்சி மாதிரியே இருக்குடா" என்று சொல்லி முழுவதையும் குடித்தான்.

ஒரு பிடி அரிசிக்கு எத்தனை தம்ளர் தண்ணீர்? அளந்து பார்த்து எழுது. கண்திட்டம் என்று எழுதாதே. இனிமேல் எவனும் என்னிடம் பொய் சொல்லிக்கொண்டு குடிக்கக் கூடாது.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

வாஞ்சி