உன் கைக்கு எட்டும் உயரம்

அன்புள்ள தம்பிக்கு,

சித்தி எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை இங்கே எங்களுக்குப் பெரிய குறை இல்லை, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை கார் ஷெட்டில் செங்கல் மேல் ஏறி, வலது கையைத் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றபோது உன் அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டது இது: அவன் வரப்போவதில்லை, அங்கேயே வேலை நிரந்தரமாகிவிட்டது, கையெழுத்தும் போட்டுவிட்டான், உங்களிடம் பக்குவமாகச் சொல்லும்படி போன வாரமே என்னிடம் சொன்னான். சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகாது. நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவர், "ஆடாம நில்லு, நீ ஆடினா அவனும் ஆடுவான்" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

உனக்கு ஒன்றும் புரியாது, முதலிலிருந்து சொல்கிறேன். உன் அப்பா ஒரு மாதமாகச் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு அலமாரி செய்துகொண்டிருக்கிறார். பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்று வந்ததிலிருந்து அந்த ஷெட்டில்தானே கார் ரிப்பேர், ஆனால் சாமான் எதுவும் ஷெட்டில் இருக்காது. பெயிண்ட் டப்பாவில் பாதி, மாடிப்படிக்கு அடியில் பாதி, போன மாதம் சமையலறை டிராயரில் கரண்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்பேனர் படுத்திருந்தது. அவர் அதைப் பார்த்து, "இதைத்தானே தேடிட்டிருந்தேன்" என்று என்னைத் திட்டினார். நீ ஒப்பந்தம் முடிந்து வந்ததும் அப்பாவும் பிள்ளையுமாக ஷெட்டை நடத்துவது என்று பேச்சு இருந்ததல்லவா, அதற்காகத்தான் இவ்வளவும். "ரெண்டு பேர் வேலை செய்யற இடத்துல பொருள் இப்படிக் கிடந்தா தேடறதுலயே சண்டை வந்துடும்" என்கிறார். நல்ல பிளைவுட், இரண்டு கதவு, கதவின் உட்பக்கத்திலும் சாமான் தொங்கவிடலாம். ஒவ்வொரு சுத்தியலையும் குறடையும் பலகையில் படுக்க வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டார், எது எங்கே இல்லை என்று தூரத்திலிருந்தே தெரியுமாம். உப்புத்தாள் தேய்ப்பது என் வேலை. நூலகத்தில் என் மேஜைக்கு வருகிறவர்கள் என் நகத்தைப் பார்க்கிறார்கள்.

மாட்டுவதற்கு அவர் வைத்திருக்கிற வழி அழகானது. ஒரு கட்டையை நீளவாக்கில் சாய்வாக அறுத்து இரண்டாக்கினார். ஒன்றைச் சுவரில் திருகாணி போட்டு முடுக்கினார், மற்றதை அலமாரியின் முதுகில் தலைகீழாக அடித்தார். அலமாரியைத் தூக்கி வைத்தால் சாய்வும் சாய்வும் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும், கனம் ஏற ஏற இறுகும். வேண்டாமென்றால் மேல் பக்கமாகத் தூக்கினால் கையோடு வந்துவிடும்.

கட்டையைச் சுவரில் எந்த உயரத்தில் வைப்பது என்று வந்தபோதுதான் வினை. டேப் வைத்து அளந்து முடித்திருக்கலாம், ஆனால் உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா, "ஆளு எட்டி எடுக்கிற தோது டேப்புக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவரும் நானும் ஒரே உயரம். நீ போனமுறை வந்தபோது எங்களைவிட எவ்வளவு வளர்ந்திருந்தாய் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டு, காலுக்கு இரண்டாகச் செங்கல் அடுக்கி, "ஏறு, இப்ப நீதான் அவன்" என்றார். ஏறினேன். "சலிச்சுக்காம எடுக்கிற மாதிரி கையைத் தூக்கு, அவன் சோம்பேறி, எக்க மாட்டான்" என்றார். தூக்கினேன். விரல் நுனி பட்ட இடத்தில் பென்சிலை வைத்தார். நான், "ஏங்க, உங்களுக்கு எட்டாதே, கொஞ்சம் கீழ வைங்களேன்" என்று மட்டும்தான் சொன்னேன். "எனக்கு எதுக்கு எட்டணும்? நான் கேட்டா அவன் எடுத்துக் குடுப்பான்" என்று சொல்லிவிட்டு டிரில்லை ஓட்டினார். நாலு துளை. சிவப்புத் தூள் என் காலில் கொட்டியது.

புத்தகத்தில் ஒரு பாத்திரம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பக்கம் பக்கமாக இழுத்தால் எனக்கு எரிச்சல் வரும், சொல்லித் தொலையேன் என்று முணுமுணுப்பேன். இப்போது நானே அப்படித் திரிகிறேன். படித்த பக்கத்தையே திரும்பப் படிக்கிறேன், அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறேன். நேற்று ஒரு புத்தகத்தை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இதற்கு நடுவே பக்கத்துத் தெரு டிங்கர் வந்தார், கார் நசுங்கலை எடுப்பாரே, அவர்தான். "அண்ணே, உங்க முழங்காலையும் என் தோள்பட்டையையும் கழிச்சுப் பாத்தா ஒரு முழு ஆளு தேறுது, சேந்தே வேலை செய்வோமே" என்று கேட்டார். ஷெட்டில் ஒரு ஓரம் கொடுத்தால் போதும் என்கிறார், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துப் போய்விடுவாராம். உன் அப்பாவுக்கு அவரைப் பிடிக்கும், இருந்தும், "இடம் இல்லப்பா, பையன் வர்றான்" என்று சொல்லிவிட்டார். நான் டீ கொண்டு போனவள் தம்ளரோடு வாசலிலேயே நின்றேன். காருக்கு அடியிலிருந்து எழுந்திருக்க அவர் இப்போது பம்பரைப் பிடித்துக்கொள்கிறார் தம்பி. தனியாக எத்தனை நாள் ஓட்டுவார்?

நீ எடுத்த முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை. உனக்குப் பிடித்த வேலை, கஷ்டப்பட்டுப் பிடித்த வேலை. நான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது நீ பத்தாவது படித்தாய், உன்னைவிடப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவள் நான், அம்மாவாக அதட்டவும் எனக்கு வரவில்லை, அக்காவாகக் கிண்டல் செய்யவும் வரவில்லை, நடுவில் எங்கேயோ நின்று உன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அந்த உரிமையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். இதை நீதான் அவரிடம் சொல்ல வேண்டும். என் வாயால் கேட்டால், பிள்ளை தன்னிடம் பேசப் பயந்தான் என்பதுதான் அவர் மனதில் நிற்கும், வேலை கிடைத்த சந்தோஷம் அடிபட்டுப் போய்விடும். போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேன் சித்தி" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

குளிருக்குக் காதை மூடிக்கொள். வேலையில் நல்ல பெயர் எடு, எதற்கும் குறைவில்லாமல் இரு, உன்னை நினைக்காமல் இங்கே ஒரு பொழுதும் போவதில்லை. மறக்காமல் அப்பாவைக் கூப்பிடு. ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்துப் பேசச் சொல்.

என்றும் உன் நலம் நாடும்
சித்தி

பி.கு. வியாழக்கிழமை இதை எழுதிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உன் அப்பா அந்தச் செங்கல் மேல் ஏறி, மாட்டி முடித்த அலமாரியிலிருந்து ஒரு ஸ்பேனரை எட்டிக்கொண்டிருந்தார். செங்கல் நழுவியது. அலமாரிக் கதவைப் பிடித்துத் தொங்கி இறங்கினார், அடி ஒன்றும் இல்லை, ஸ்பேனர் எல்லாம் தரையில் கொட்டின. உட்கார்ந்து சிரித்தார், "நெட்டையன் வந்து சேர்ற வரைக்கும் இப்படித்தான்" என்றார். நான் சொல்லிவிட்டேன். அவர் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். எப்போது சொன்னான் என்று கேட்டார். போன வாரம் என்றேன். "அப்ப ஞாயித்துக்கிழமை உனக்குத் தெரியும்" என்றார். தெரியும் என்றேன். "தெரிஞ்சுமா கையைத் தூக்கிட்டு நின்னே?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் ஷெட்டிலிருந்து கூப்பிட்டார். செங்கல் ஓரமாகக் கிடந்தது. "வெறும் தரையில நில்லு. இப்ப நீ நீயாவே கையைத் தூக்கு" என்றார். நான் பிடிக்க, அலமாரியைக் கழற்றி இறக்கி, கட்டையைக் கீழே முடுக்கி, மறுபடி மாட்டினார். டிங்கருக்கு அவரே போன் செய்தார், டிங்கரின் சுத்தியல்கள் இப்போது இடது கதவில் தொங்குகின்றன. நீ இன்னும் கூப்பிடவில்லை. மேலே பழைய துளை நாலும் அப்படியே இருக்கின்றன. அடைப்பதற்குப் பூச்சு வாங்கி, டப்பாவைத் திறந்தும் வைத்தார். பூசாமலே அது காய்ந்துவிட்டது.