பன்னிரண்டாவது தாள்

பிப்ரவரி 11, செவ்வாய்

குளியலறைக் குழாய் ஒழுகுவது நிற்கவில்லை. "நாளைக்கு வர்றேம்மா" என்று குழாய்க்காரன் சொல்லி ஆறு நாள் ஆகிறது. மூன்றாம் மாடி ஏறுவதற்குள் முட்டி இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டது.

தம்பிக்குக் கிடங்கில் காலை வேலை. அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் மாலை வேலை. ஒருவர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் மாட்டுகிறார். அதனால் அவர்கள் பெண்ணின் பள்ளிக்கூடத் தாள்கள் எல்லாம் என் கைக்குத்தான் வரும். பள்ளியில் பொறுப்பாளர் என்று என் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இன்றும் ஒரு தாள் வந்தது. மேலிருந்து கீழ்வரை இந்த ஊர் மொழி, அவர்கள் மொழி. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. "என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லவா அத்தை?" என்றாள். பெரியவர்களுக்கு எழுதின தாளைப் பதினோரு வயதுப் பிள்ளை படித்துச் சொல்வதாவது! வழக்கம்போல தாளின் நெற்றியில் எழுதித் திருப்பிவிட்டேன்: "எங்களுக்குப் புரியும் மொழியில் எழுதி அனுப்பவும்." கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

குழாய்க்காரன் வந்தான். பார்த்தான். சாமான் வாங்கி வருகிறேன் என்று போனான். போனவன் போனவன்தான்.

மார்ச் 18, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்து பையைப் போட்டுவிட்டு, "அடுத்த வருஷத்துலேர்ந்து தமிழ் கிடையாதாம் அத்தை" என்றாள். நாளைக்கு மழை வருமாம் என்பது போல.

என்னடி உளறுகிறாய் என்றேன். தமிழ் டீச்சர் இன்று இவர்கள் வகுப்புக்கே வந்து சொல்லி அழுதாராம். பன்னிரண்டு பிள்ளை இருந்தால்தான் வகுப்பு நடத்த வேண்டுமாம், இது புதுச்சட்டமாம். பதினொன்றுதான் தேறியதாம்.

"பரவாயில்ல அத்தை. அந்த நேரத்துல விளையாட விடுவாங்களாம்."

பரவாயில்லையாம். இவள் அப்பன் இதே பள்ளியில் படித்தபோது தமிழுக்கு இரண்டு அறை, இரண்டு வாத்தியார், வாரத்துக்கு ஐந்து மணி. பிறகு ஓர் அறை ஆனது. பிறகு உடைந்த பெஞ்சுகள் போட்டு வைக்கும் அறையில் பாதி. வாரத்துக்கு ஒரே ஒரு மணி: புதன்கிழமை மூன்றாம் மணி. அந்த ஒரு மணி நேரம் இவர்கள் கண்ணை உறுத்துகிறதா?

மார்ச் 19, புதன்

யார் அந்தப் பன்னிரண்டாவது வீடு? பெற்ற தாய் பேசுகிற மொழியை வேண்டாம் என்று சொன்ன கை எது?

மார்ச் 20, வியாழன்

பள்ளிக்குப் போனேன். ஒன்றேகால் மணி நேரம் வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு தலைமையாசிரியை கூப்பிட்டார். தமிழ் டீச்சரும் வந்து நின்றார். அவர்கள் மொழி காதில் விழுந்தால் எனக்கு முக்கால்வாசி புரியும். பேசினால் தடுக்கும். அதனால் நான் சொன்னதை டீச்சர் மாற்றிச் சொன்னார். நான் சொன்ன சூட்டில் சொல்லவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது.

"நாங்க நிறுத்தலம்மா. பெத்தவங்கதான் கேக்கல. கேட்டா நடத்துவோம்" என்றார் தலைமையாசிரியை.

"கணக்கு வேணுமான்னு யாரையாவது கேக்குறீங்களா? விளையாட்டு வேணுமான்னு கேக்குறீங்களா? இதை மட்டும் என்ன கேக்குறது?"

டீச்சர் இதை மாற்றிச் சொல்லவே இல்லை.

எந்த வீடு சம்மதம் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அதைச் சொல்லக்கூடாதாம். ஒரு விருப்பத் தாள் எல்லா வீட்டுக்கும் அனுப்பினார்களாம். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லையே என்றேன். அனுப்பினோம் என்கிறார். பொய். வாய் கூசாத பொய்.

மார்ச் 23, ஞாயிறு

பெண்ணை உட்கார வைத்துத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை எழுதி வாங்கினேன். பன்னிரண்டு. அதில் எட்டு வீடு எனக்கு நன்றாகத் தெரியும். கேட்டேன், கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்றார்கள். கண்ணைப் பார்த்தேன், பொய்யில்லை. இரண்டு வீடு தூரம். தொலைபேசியில் கேட்டாயிற்று, போட்டார்களாம். ஒன்று நாங்கள், வேண்டாம் என்று நாங்கள் சொல்லவேயில்லை. மிச்சம் ஒன்று.

முதல் மாடி. பஸ் ஓட்டுகிறவரின் மனைவி. நான் வைத்த பெயர் ஹாரன். புருஷன் பஸ்ஸில் அடிக்க வேண்டியதை இவள் வீட்டில் அடிப்பாள். மகனைத் தெருவில் அந்த மொழியில்தான் கூப்பிடுவாள். நகராட்சி அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்த்தே அந்த மொழியை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவள். அதிலே ஒரு மிதப்பு. வேறு யார்?

மார்ச் 24, திங்கள்

மாடிப்படியில் பிடித்துக்கொண்டேன். நாலு கதவு திறந்து பார்க்கும்படி கேட்டேன்.

"உன் வீட்டுத் தாள்தானே வரல? தமிழ் உனக்கு அவ்வளவு கேவலமாப் போச்சா?"

"யாரு சொன்னா? நான் போட்டாச்சு பெரியம்மா. முத ஆளாப் போட்டேன்."

"போட்டிருந்தா பன்னெண்டு வந்திருக்கும்டி. தெருவுல பிள்ளைய எந்த பாஷையில கூப்பிடுறன்னு ஊருக்கே தெரியும்."

அவள் கையில் காய்கறிப் பை. முகம் சிவந்துவிட்டது. "அவன் காதுல எது விழுமோ அதுல கூப்பிடுறேன். உங்ககிட்ட கேட்டுட்டா பெத்தேன்?" என்று கதவைச் சாத்தினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். சாத்தின சத்தத்திலேயே தெரிகிறதே.

மார்ச் 27, வியாழன்

தம்பி சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறான்: "எதுக்குக்கா ஊர் வம்பு? உனக்குத்தான் நல்லாத் தெரியுமே. நீயே வீட்டுல சொல்லிக் குடேன்."

சோற்றுக் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

மாட்டேன். சத்தியமாக மாட்டேன். வீட்டில் சொல்லிக்கொடுத்தால் அது வீட்டு மொழி. அடுப்புக்கும் சண்டைக்கும் போதும். பள்ளிக்கூடத்தில் மணியடித்து, கரும்பலகையில் எழுதி, மதிப்பெண் போட்டுச் சொல்லிக்கொடுத்தால்தான் அது படிப்பு. தானாகப் படித்தவளிடமே வந்து தானாகப் படிப்பதன் பெருமையைச் சொல்கிறானே! எனக்குத் தெரியாதா அதன் லட்சணம்? இன்றுவரை ஒரு வரி எழுதிவிட்டு, இது சரியா என்று கேட்க ஆள் கிடையாது. திருத்த ஒரு வாத்தியார் இல்லாத எழுத்து, தாயில்லாப் பிள்ளை மாதிரி.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி இழுத்து, கை முழங்கை வரை வெந்துவிட்டது. கட்டுப் போட்ட மறுநாள் மேலாளர் ஒரு தாள் கொண்டுவந்தார். "சும்மா ஒரு பதிவுக்கு" என்றார். கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தேன். என் கவனக்குறைவால்தான் நடந்தது, யார் மேலும் எனக்குக் குறையில்லை என்று நானே சொன்னதாக அதில் இருந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் படித்துச் சொன்னபோது எட்டு மாதம் ஆகிவிட்டது. இஸ்திரியின் மூடி மூன்று மாதமாக உடைந்து கிடந்தது, எல்லாருக்கும் தெரியும். என் விரல் அதை இல்லையென்று சொல்லிவிட்டது.

அன்றைக்குத் தம்பியின் பழைய ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தேன். இரண்டு வருடம். உணவு இடைவேளையில், விரிப்புகள் காயும் நேரத்தில். படித்தேன். புரியாத தாளில் இனிக் கை வைப்பதில்லை என்று அன்று வைத்த சபதம். முப்பத்தேழு வருடம் ஆகிறது. தவறவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மூன்றாம் மணி நடக்கும் நேரம் பார்த்துத்தான் போனேன். குமாஸ்தாவின் மேசை முன் குத்துக்கல்லாக நின்றேன். பன்னிரண்டாவது தாளைக் காட்டு, காட்டாமல் நகரமாட்டேன். போலீஸைக் கூப்பிடு, நீயே நாற்காலி போட்டு அவர்களையும் உட்கார வை. வகுப்பை நிறுத்திவிட்டு டீச்சர் ஓடி வந்தார்.

குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டு ஒரு கோப்பைத் தூக்கிப் போட்டான். பதினொரு தாள் கிளிப்பில். கடைசியாக ஒன்று, கிளிப் இல்லாமல், கோடு காலியாக.

அதன் நெற்றியில் என் எழுத்து.

"இதுல ஏதோ கிறுக்கியிருக்கு. பிள்ளை கிறுக்கினதுன்னு நெனச்சேன்" என்றான். டீச்சர் படித்தார். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளின் கடைசி வரியையும் எனக்குத் தமிழில் சொன்னார்: கையெழுத்து இல்லையென்றால் விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும்.

பேனாவைக் கொடு, இப்போதே போடுகிறேன் என்றேன். என் வாயாலேயே கேட்டேன். முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு.

"தேதி முடிஞ்சுதும்மா. மேல அனுப்பியாச்சு. டீச்சருக்கு மாறுதலும் வந்தாச்சு."

பேனாவைத் தரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். நான் பிள்ளை தலையிலும் சேர்த்துப் போட்டிருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். தம்பி தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான். திட்டியிருக்கலாம். தம்பி மனைவி, "விடுங்கக்கா, தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றாள். பெண் மட்டும், "நான் படிச்சுச் சொல்லவான்னு கேட்டேனே அத்தை" என்றாள். கேட்டாள். கேட்டாளே. நான்தானே வாயை அடைத்தேன்.

சரி. என் தப்பு. ஒத்துக்கொண்டாயிற்று. அதற்காக அவர்களை விட்டுவிடுவேனா? உன் தாய்மொழி உனக்கு வேண்டுமா என்று வேறு மொழியில் கேட்டது யார்? நான் தமிழில் பதில் எழுதினேன். தமிழ் வேண்டுமா என்ற கேள்விக்குத் தமிழில் ஒரு பதில்! இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அது கிறுக்கலாம். அந்தக் கட்டடத்துக்குள் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்க அந்தக் குமாஸ்தாவுக்கு இருபது அடி நடக்க முடியவில்லை. பேசாமல் இருந்தால் வேண்டாம் என்று அர்த்தமாம். அன்றைக்கு என் கட்டைவிரல் பேசியதாக எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கு என் எழுத்து பேசவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 5, சனி

முதல் மாடிக்குப் போனேன். கதவைத் தட்டுவதற்குள் இரண்டு முறை திரும்பிவிட்டேன்.

உள்ளே கூப்பிட்டாள். நின்றபடியே சொன்னேன்: "உன்னைத் தப்பாப் பேசிட்டேன். அந்தத் தாள் என்னோடது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "திட்டினது மட்டும் நாலு வீடு கேக்கத் திட்டுனீங்க. இதை மட்டும் ஏன் கதவுக்குள்ள வந்து சொல்றீங்க?"

நியாயம்தான். வெளியே வந்து படியில் நின்று, மூன்றாம் மாடி வரை கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன். கதவுகள் திறந்தன. "சத்தம் என்னைவிட உங்களுக்குத்தான் ஜாஸ்தி பெரியம்மா" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் உட்காரச் சொன்னாள்.

ஜூன் 11, புதன்

பள்ளி திறந்து முதல் புதன். மூன்றாம் மணிக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். "பெஞ்சு எல்லாம் அடுக்கினோம் அத்தை. அந்த ரூம் இப்ப முழுசாப் பெஞ்சுதான்."

ஜூலை 3, வியாழன்

பள்ளியிலிருந்து சீட்டு. இந்தத் தடவை நெற்றியில் ஒன்றும் எழுதவில்லை. முதல் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஹாரன் படித்துச் சொன்னாள்: வகுப்பு இல்லாததால் தமிழ்ப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

"'தரமாட்டேன்'ங்கிறதை அவங்க எழுத்துல எப்படி எழுதுறது?"

சிரித்தாள் பாருங்கள், படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆயிரம் வார்த்தை இருக்கு பெரியம்மா, முத வார்த்தை இதுவா?"

இதுதான். நாலு முறை எழுதிப் பார்த்தேன். ஐந்தாவது முறை சீட்டின் பின்னால் எழுதி அனுப்பினேன். குமாஸ்தாவால் இதைக் கிறுக்கல் என்று சொல்ல முடியாது.

ஜூலை 7, திங்கள்

மறுபடி சீட்டு. மறுபடி அதே பதில். எழுத்து இன்று இன்னும் நன்றாக வந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

விருப்பத் தாள் போன வாரமே வந்துவிட்டது. இந்த வருடமும் ஒரு எழுத்துத் தமிழ் கிடையாது. வெட்கமில்லாதவர்கள்.

ஒவ்வொரு வரியாக ஹாரன் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, இன்னொரு முறை படி என்றேன். ஒளித்து வைத்தது ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு பேனாவை எடுத்தேன். கோட்டின் மேல் தமிழில் என் பெயர். பக்கத்திலேயே அவர்கள் எழுத்தில் இன்னொரு முறை.

"ஒண்ணு போட்டாப் போதும் பெரியம்மா."

"எனக்குப் போதாது."

பிறகு இருவரும் கிளம்பினோம். அவள் படிக்க, நான் பக்கத்தில் நிற்க, எங்கள் இரண்டு வீட்டோடு சேர்த்துப் பதினைந்து வீடு. இரண்டு வீட்டில் தாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தூசி படிந்து கிடந்தது. கையெழுத்து வாங்காமல் நான் எழுந்திருக்கவில்லை. ஒரு வீட்டுக்காரர், "இதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கப்போகுது?" என்றார். தமிழ் உங்கள் வாயில் இருப்பதால்தானே இந்தக் கேள்வியையே கேட்க முடிகிறது, அதற்காகவாவது போடுங்கள் என்றேன். அவர் போடவில்லை. அவரும் இன்று என் கண்ணில் பட்ட வெட்கமில்லாதவர்களில் ஒருவர்.

பதினான்கு தாள். குமாஸ்தா எண்ணும்போது நானும் வாய்விட்டு எண்ணினேன். எல்லாவற்றையும் கிளிப்பில் போடும் வரை நகரவில்லை.

ஜூன் 10, புதன்

புது டீச்சராம். பழையவர் வரவில்லை. அந்த அறையிலிருந்து பாதிப் பெஞ்சைத்தான் எடுத்திருக்கிறார்களாம்.

நேற்றுப் பெண்ணை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். மூன்று இடத்தில் நின்றாள். போன வருடம் நிற்காமல் ஓடின பக்கம். அந்த வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்? எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் வரும்?

காலையில் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து நானே அவள் பையில் வைத்தேன். "திருப்பிக் குடுத்துடணுமா அத்தை?" என்றாள். கேட்டால் என்ன எழுத வேண்டும் என்று உனக்கே தெரியுமே என்றேன்.

மூன்றாம் மணி பத்தே முக்காலுக்கு. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பதினொன்றே முக்கால் வரை எழுந்திருக்கவில்லை.