மூட்டையின் முதல் சுற்று

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே அம்மாவும் மூட்டையும் சுகம். முட்டியைத் தவிர்த்தால் நானும் சுகம். உன் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்கட்டும்.

நீ போன இந்த ஒன்றரை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசினால் என்ன என்கிறாள் அம்மா. நான் எடுத்தால், அம்மா இல்லையா என்று நீ கேட்கிறாய், நானும் தப்பித்தோம் என்று அவளிடம் கொடுத்துவிடுகிறேன். அதனால்தான் காகிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை மூட்டையை நாய்க் கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன். நானேதான். உன் முதல் சம்பளத்தில் சான்றிதழோடு லாப்ரடார் குட்டி வாங்கிவந்து, இதைப் போட்டியில் காட்டப் போகிறேன் என்று நீ சொன்னபோது, நாய்க்கு அழகிப் போட்டியா என்று ஊரைக் கூட்டிச் சிரித்த அதே ஆள். நீ போன பிறகு அது உன் அறை வாசலிலேயே படுத்துக் கிடந்து ஊதிவிட்டது. இதற்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் கால்நடை டாக்டர். ஓய்வுபெற்ற எனக்கும் வேலை இல்லை. வெட்டி ஆட்கள் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தோம்.

போட்டியில் நாய் நான்கு காலையும் சீராக ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். நடுவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு நம் இடப்பக்கமாகவே ஓடிவர வேண்டும். முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று பழைய விசிலைத் தேடி எடுத்தேன். ஒரு ஊதலுக்கு நிற்க வேண்டும், இரண்டுக்கு ஓட வேண்டும். கார் நிறுத்தும் இடத்தில் ஐந்து மாதம், தினமும் காலையில். பல் பார்க்கும் வேலை அம்மாவுக்கு. அவள் கையில் எப்போதும் பிஸ்கட் இருந்ததால், மூட்டைதான் அவள் கையைப் பரிசோதித்தது. அப்படியும் அதன் எடையில் ஆறு கிலோ குறைத்துவிட்டேன்.

சான்றிதழ் உன் பெயரில் இருப்பதால், விண்ணப்பத்தில் உரிமையாளர் கையெழுத்து என்ற இடத்தில் நான் பெற்றோர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் மார்க் அட்டையில் போட்டுப் போட்டுப் பழகிய கை. உரிமையாளருக்கு என்ன வயது என்று கேட்டார் குமாஸ்தா. இருபத்தேழு என்றேன். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். பரிசு கிடையாது என்று சொல்லி, புதியவர்களுக்கான பயிற்சிச் சுற்றில் மட்டும் விட்டார்.

வேலி போட்ட வட்டத்துக்குள் நுழைந்ததும் நடுவர் அம்மாள் என் கழுத்தைப் பார்த்தார். விசில் கூடாது, மற்ற நாய்கள் மிரளும் என்றார். கழற்றிக் கொடுத்தேன். முன்னால் இருந்த நாய்களெல்லாம் ஓடின. மூட்டை நகரவில்லை. வா என்றேன், நட என்றேன், வாரைப் பிடித்து இழுத்தேன். இடித்த புளி மாதிரி நின்றது. பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள், எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. ஐந்து மாதத்தில் அதனிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெறுமனே ஊதிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

உன்னிடமும் அப்படித்தான் இருந்தேன். நீ வெளியூர் வேலைக்கான கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்ற அன்று, என்ன வேலை, எங்கே தங்குவாய் என்று ஒரு கேள்வி கேட்டேனா? போனால் திரும்பி வராதே என்றேன். அது தப்பு. அன்றைக்கே தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை.

கடைசியில் குனிந்து அதன் காதில் பேசினேன். முட்டி வலிக்கிறது, எல்லோரும் பார்க்கிறார்கள், எனக்காக ஒரு சுற்று வந்துவிடு என்று கெஞ்சினேன். வாலை ஆட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. பாதி வட்டத்தில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. நான் நின்றதும் அதுவும் என்னோடு நின்றுவிட்டது. நடுவர் அம்மாள் பக்கத்தில் வந்து, "நாய் அருமையா இருக்கு சார். கூட ஓடத்தான் வேற ஆள் பாருங்க" என்றார்.

கிளம்பும்போது குமாஸ்தா ஒரு படிவம் தந்தார். நாயை என் பெயருக்கு மாற்றிக்கொண்டால் தொல்லை இல்லையாம். நான் அதை நிரப்பப் போவதில்லை. அது உன் நாய்.

கண்ணு, எனக்குக் களைப்பாக இருக்கிறது. அது முட்டியால் மட்டும் வந்த களைப்பு இல்லை. அடுத்த கண்காட்சிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. வேறு ஆள் யாரையும் நான் தேடவில்லை. லீவு கிடைத்தால் வா. நீயே அதைப் பிடித்துக்கொண்டு ஓடு. எப்படி ஓடினாலும் சரி, நான் வேலிக்கு வெளியே நின்று வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

அப்பா