எஞ்சின் இல்லாமல் ஒரு கடைசிச் சரணம்

ஆனி 4, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். மருந்தடிக்க முடியாது. திராட்சைக்கு லீவு, கிதாருக்கு வேலை.

கிதார் வாங்கி ஒரு மாதம், விரல் நுனியெல்லாம் கொப்புளம். காலமெல்லாம் கவாத்துக் கத்தரி பிடித்த கை, கம்பம் பள்ளத்தாக்கே நடுங்கும் கை, ஆறு கம்பிக்கு அழுகிறது.

நேற்று அக்கா வீட்டில், சபை நிறைந்திருக்க, அடியேன் வெளியிட்ட அரசாணை: அடுத்த வாரக் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரோடு ஒரு பாட்டும் வரும். அக்கா மகள் தேன்மொழி (இனி தே.) சின்னப்பிள்ளையாக இருந்தபோது பைக் டேங்கில் உட்காரவைத்து வீரபாண்டி வரை பாடிக்கொண்டு போவேனே, அதே பாட்டு. வரவேற்பு மேடையில். கிதார் வாசித்தபடி.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அக்கா: "ஏலே, சீரு மட்டும் போதும்டா. மாப்ள வீட்டுக்காரக பயந்துருவாக."

கல்யாணப்பெண் தே. மட்டும் சிரிக்கவில்லை. "ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க மாமா. சரியா வந்தா மைக்கு உங்களுக்கு. இல்லேன்னா கச்சேரிக்காரகளுக்கு."

பெங்களூரில் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை அவளுக்கு. குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள். சிக்கினேன்.

ஆனி 5, புதன்

வெயில். மேற்கே இருந்து பேய்க்காற்று. தென்னை மட்டை விழுந்து திராட்சைப் பந்தலின் கல்தூண் ஒன்று சாய்ந்தது. நிமிர்த்தவேண்டும்.

கிதார் வாங்கிய வாரத்திலிருந்தே வீட்டில் வாசிக்கத் தடை. விதித்தவள் இல்லத்தரசி செல்வி. காரணம்: என் வாசிப்பில் பால் திரிந்துவிட்டதாம். ஆகவே தோட்டத்து எஞ்சின் ரூம். கரண்ட் மோட்டாரின் காயில் எரிந்துபோனதிலிருந்து பழைய ஆயில் எஞ்சின்தான் தண்ணீர் இறைக்கிறது. அது போடும் சத்தத்தில் என் சங்கீதம் ஊருக்குக் கேட்காது. ஊருக்குத்தான் நஷ்டம்.

வேலிக்கு அப்பாலிருந்து காதர் பாய்: "மாப்ள, நீ தொட்டதுல இருந்து என் தோட்டத்துல ஒரு கிளி இல்ல. பழம் வெட்டுற வரைக்கும் விட்டுறாத!"

விமர்சனம் எண் ஒன்று. பெருந்தன்மையோடு ஏற்றேன்.

பாடி, வாசித்து, ரெக்கார்ட் எடுத்து தே.க்கு அனுப்பினேன். இரண்டு சரணம் வரை கந்தர்வன். கடைசிச் சரணத்தில் விரலோடு விரல் மோதி வண்டி கவிழ்ந்தது.

ஆனி 7, வெள்ளி

தே. குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள்.

"மாமா, எஞ்சின் சத்தத்துக்குள்ள உங்களத் தேடவேண்டியிருக்கு. ஜி பிடியில இருந்து சி பிடிக்கு விரலு மாறுறது நல்லா வருது. ஆனா ஒண்ணு. எஞ்சினும் நீங்களும் ஒண்ணாவே போறீக. கடைசிச் சரணத்துல அது ஓட்டம் எடுக்குது, நீங்களும் பின்னாலயே ஓடுறீக. அங்கனதான் விழுறீக."

அவதூறு! தான்சேனே கொதித்திருப்பான். நிரூபிப்பதற்காக எஞ்சினை நிறுத்திவிட்டு ஆரம்பித்தேன்.

பல்லவியிலேயே கை நின்றுவிட்டது. எங்கே தட்டுவது, எங்கே விடுவது, ஒன்றும் தெரியவில்லை. அதன் 'டுக் டுக்'தான் இத்தனை நாளும் எனக்குத் தாளம். கிணற்றில் தண்ணீர் இறங்கிக் குழாய் காற்றை இழுத்ததும் பளு குறைந்து எஞ்சின் துள்ளும். நான் கடைசிச் சரணத்துக்கு வருகிற நேரமும் அதுதான்.

எனக்கு வாத்தியார் ஒரு ஆயில் எஞ்சின். வெளியே சொன்னால் வெட்கம். கிதாரை உரமூட்டைமேல் போட்டேன். பிறகு எடுத்தேன்.

ஆனி 9, ஞாயிறு

சாரலும் வெயிலும். குழம்பில் உப்பு இல்லை. சொல்லும் தைரியமும் இல்லை.

எஞ்சின் ஓடாமல் எஞ்சின் ரூமில் பயிற்சி. சோறு கொண்டுவந்த செல்வி போகாமல் உரமூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். கேட்டாள். முகத்தில் ரசித்த அடையாளம் ஒன்றும் இல்லை.

"ஏங்க, கையி வேல செய்யுது. காலு ஏன் சும்மா கெடக்கு? காலத் தட்டுங்க."

"உனக்கு என்ன தெரியும் சங்கீதத்தப் பத்தி?"

"நாத்து நடையில பாட்டுக்குக் காலு போடாதவ யாரு? இங்கன பாருங்க." தட்டிக் காட்டினாள். சிமெண்டுத் தரையில் கால்விரல் மிஞ்சி டிக், டிக். கிணறு வற்றினாலும் மாறாத டிக்.

இருட்டும் வரை அதோடு போனேன். எத்தனை முறை விழுந்தேன் என்பது அரசாங்க ரகசியம். கடைசிச் சரணம் இன்னும் வரவில்லை. ஆனால் ஓடவில்லை. அனுப்பினேன்.

ஆனி 11, செவ்வாய்

தே.: "முழுசா வரல மாமா. ஆனா ஓடல. மைக்கு உங்களுக்குத்தான். விழுந்தா எந்திரிச்சு வாங்க, ஓடிராதீக."

எடுத்துவைக்க: சீர்த்தட்டு, பட்டு வேட்டி, கிதார், உபரிக் கம்பி, மானம் (இருந்தால்).

ஆனி 13, வியாழன்

நேற்று மாலை தேனி மண்டபத்தில் வரவேற்பு. மேடையேறினேன். மூன்று லோகமும் திரண்டிருந்தது. குறைந்தது மாப்பிள்ளை வீட்டார் முழுவதும்.

முதல் சரணத்தில் கரண்ட் போனது. நான் நிறுத்தவில்லை. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமியது. மைக் உயிர்பெற்றது.

டுக் டுக் டுக். என் எஞ்சினுக்குப் பங்காளி! கை தன்னால் அதன் பின்னே கிளம்பிவிட்டது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்தியதைப் பார்த்தேன்.

முன்வரிசையில் செல்வி. பட்டுச்சேலைக் கரைக்குக் கீழே கால் தட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் மிஞ்சி எங்கே கேட்கும்? கண்ணால் பிடித்துக்கொண்டேன். வேறு எதையும் பார்க்கவில்லை. கை திரும்பி வந்தது. கடைசிச் சரணம் வந்தது. முடிந்தது.

கைதட்டல் சுருளி அருவியைத் தோற்கடித்தது. (செல்வி: "சாப்பாட்டுக்குப் பந்தி போட்டாக, அதுக்குத் தட்டுனாக.")

தே. என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் மை கலைந்திருந்தது. "இந்தச் சரணத்த இப்பத்தான் மாமா முழுசாக் கேக்குறேன்."

உண்மைதான். பைக்கில் ஒருநாளும் அதுவரை அவள் விழித்திருந்ததில்லை. தலை என் கையில் சாயும். நானும் பாட்டை நிறுத்திவிடுவேன்.

"எப்படி இருந்துச்சு ஆத்தா?"

மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டாவது வரியில லேசா ஓடுனீக."

காலையில் முகூர்த்தம் முடிந்தது. மதியம் பெண்ணை அனுப்பிவைத்தாயிற்று. அக்கா அழுதாள். நான் கண்ணில் தூசி என்றேன்.

இப்போது சாரல். தண்ணீர் பாய்ச்சத் தேவையில்லை. எஞ்சின் ரூமுக்குப் போகிறேன். அந்த இரண்டாவது வரி.