தேன்கூடு வரைந்த கரும்பலகை

குருநகர்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகள் தனுசியா அறிவது,

நெதர்லாந்துக் குளிரில் நீ சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நாங்களும் சுகம் என்று இம்முறை எழுத முடியவில்லை, உயிரோடு இருக்கிறோம்.

செவ்வாய் மாலை பௌதிகவியல் வகுப்பில் உன் ஆராய்ச்சியைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். குறைகடத்தியாலான குவாண்டம் புள்ளிகளைத் தேன்கூடு போல் அடுக்கினால் இலத்திரன்கள் திணிவே அற்றவை போல் ஓடும் என்று நீ எழுதியதைப் பலகையில் வரைந்தேன். அடுத்தடுத்த புள்ளிகளைப் பெரிதும் சிறிதுமாக மாற்றினால் என்னவாகும் என்று லெனாட் கேட்டான். சக்தியில் ஓர் இடைவெளி திறக்கும், இலத்திரனுக்குத் திணிவும் வந்துவிடும் என்றேன். நம்பாமல் தானே வரைந்து பார்க்க எழுந்து வந்தான். அப்போது தலைக்கவசம் அணிந்த மூவர் வாள்களுடன் பாய்ந்தார்கள். கடலில் வலை அறுபட்ட சண்டையில், லெனாட்டின் தமையன் அகப்படாததால் தம்பியான இவனைத் தேடி வந்திருக்கிறார்கள். முதல் வெட்டு லெனாட்டின் முதுகில் இறங்கியது, எலும்பு தெரிந்தது. இரண்டாவது பலகையைப் பிளந்தது. மூன்றாவதை என் வலக்கையால் தடுத்தேன். இரண்டு விரல்கள் இல்லை, ஆகவே இது இடக்கை எழுத்து. பிள்ளைகள் தாங்கள் இருந்த வாங்குகளைத் தூக்கி எறிந்ததில் ஒருவனுடைய கவசம் கழன்றது. உன் மாமாவின் மகன் சுபாஸ். விலகுங்கோ மாமா, உங்களை வெட்ட வரேல்லை என்று அவன் கத்தியது, என் விரல்கள் தரையில் விழுந்த பின்னர்.

லெனாட் பிழைத்துவிட்டான். இனி உங்கடை வகுப்புக்கு நாங்களும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வரவேணுமோ சேர் என்று ஆஸ்பத்திரி வாட்டில் குப்புறக் கிடந்தபடி கேட்கிறான்.

எனக்குச் சத்திரசிகிச்சை முடியுமுன்னரே, அவர்கள் வந்த மோட்டார் சைக்கிளின் இலக்கத்தை வைத்துப் பொலிசார் சுபாஸைப் பிடித்துவிட்டார்கள். உவன் எங்கடை பிள்ளை, முகம் தெரியேல்லை எண்டு சொன்னா உங்கடை வாய் அழுகிப்போகுமோ என்று உன் அம்மா கேட்டாள். அதன் பின் என்னுடன் கதைக்கவில்லை. நீயும் தொலைபேசியில் அதையே கேட்டாய். புள்ளிகளை விரும்பியபடி அடுக்கலாம், இலத்திரன் ஓடிய விதத்தை விரும்பியபடி எழுத முடியாது, அளந்ததைத்தான் எழுதலாம் என்று எனக்கு எழுதியவளும் நீயே. நான் அவன் முகத்தைக் கண்டேன்.

வரும் வியாழக்கிழமை நீதிமன்றத்தில் அடையாள அணிவகுப்பு. வரிசையில் நிற்பவரைச் சாட்சி தொட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. கோயிலில் சுபாஸின் உறுதிப்பூசுதல் சடங்கின்போது ஞானத்தகப்பனாகப் பின்னால் நின்று அவன் தோளில் கை வைத்தவன் நான். வியாழக்கிழமையும் வைப்பேன்.

நீ விமானம் ஏறாதே. மாத இறுதியில் உன் அளவீடுகளைப் பல்கலைக்கழகப் பரீட்சகர் சபை முன் வைத்து முடி. மாதா உன்னைக் காப்பாராக. சுபாஸின் அம்மா, உன் மாமி, அழைத்தால் எடுக்காமல் விடாதே. அழுவார், ஏசுவார், குறுக்கே பேசாமல் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அ. கிறிஸ்துநாயகம்